பக்கத்துக் கட்டடத்துக்கு வெந்நீர்: சிங்கப்பூரில் கழிவு வெப்பத்தைப் பங்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் மெட்டா நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று இருக்கிறது. சர்வர்களைக் கடந்து வரும் சூடான காற்றை நீர்ச்சுருள்கள் மேல் செலுத்தி, அதில் கிடைக்கும் வெப்பத்தை ஹீட் பம்ப் (மின்சாரத்தைக் கொண்டு வெப்பத்தைக் குறைந்த வெப்பநிலையிலிருந்து உயர்ந்ததற்கு ஏற்றும் இயந்திரம்) மூலம் உயர்த்தி, நகரத்தின் வெந்நீர்க் குழாய் வலையமைப்புக்குக் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு 100,000 மெகாவாட்-மணி வரை கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். இந்தச் செய்தி பராமரிப்புத் துறையில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது சுற்றி வரும். கூடவே யாராவது கேட்பார்கள்: "இங்க கட்டடத்துக்குக் கட்டடம் சில்லர் ஓடுது. நாம ஏன்ணே இதைச் செய்யலை?" சில்லர் என்றால் பெரிய கட்டடங்களைக் குளிரூட்டக் குளிர்நீர் தரும் இயந்திரம்.

டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் மாவட்ட வெப்ப வலையமைப்பில் இணைந்திருக்கின்றன. அங்கே குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது, வெப்பத்துக்கு விலை இருக்கிறது. நமக்கு நள்ளிரவில்கூட 25 டிகிரி. நம் தரவு மையங்கள் மட்டுமே 2020 கணக்குப்படி நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. அவ்வளவும் கடைசியில் வெப்பமாகி, கூலிங் டவர் (நீரை ஆவியாக்கி வெப்பத்தைக் காற்றில் விடும் அமைப்பு) வழியாக வானத்துக்குப் போகிறது. அலுவலகங்களும் கடைத்தொகுதிகளும் தனிக்கணக்கு. ஆக, வெப்பம் கொட்டிக் கிடக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை.

அதனால் இந்த வழிகாட்டி ஐரோப்பியக் கையேடுகளுக்குத் தலைகீழான வரிசையில் போகும். அவர்கள் வெப்பம் எங்கே கிடைக்கும் என்று தொடங்குவார்கள். நாம் யாருக்கு வேண்டும் என்று தொடங்க வேண்டும். கட்டடப் பராமரிப்பு மேலாளர்கள், சில்லர் டெக்னீஷியன்கள், தொழிற்கூட உரிமையாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சில்லர் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஏற்கெனவே இருப்பது என்ன?

குழாய் வழியே பல கட்டடங்களை இணைப்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. மரினா பே பகுதியில் எஸ்பி குழுமத்தின் நிலத்தடி மாவட்டக் குளிரூட்டும் நிலையம் 2006 முதல் ஓடுகிறது. அங்குள்ள கட்டடங்களுக்குச் சொந்தச் சில்லர் தேவையில்லை, குளிர்நீர் குழாயில் வந்துவிடும். தெங்கா நகரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்கே மையக் குளிரூட்டல் போயிருக்கிறது. தெம்பனிஸ் நகர மையத்தில் வேறு வழி: பழைய கட்டடங்களில் இருக்கும் சில்லர்களையே ஒன்றோடொன்று இணைத்துப் பங்கிடும் திட்டம்.

வெப்பத்தைக் குழாயில் விற்கும் வலையமைப்பும் நம்மிடம் உண்டு, நகரத்துக்குள் இல்லாததால் பலர் கண்ணில் படுவதில்லை. ஜூரோங் தீவில் செம்ப்கார்ப், துவாஸ் பவரின் தெம்புசு வளாகம் போன்றவை மின்சாரமும் நீராவியும் சேர்த்து உற்பத்தி செய்து, நீராவியைக் குழாய்த் தாங்கிகள் வழியே ரசாயன ஆலைகளுக்கு விற்கின்றன. அங்கே அது ஓடுவதற்குக் காரணம், உயர் வெப்பநிலையில் நாள் முழுதும் வாங்கும் ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதுதான்.

இன்னொன்று கரையோரப் பூந்தோட்டங்கள். 2012-ல் திறந்த அந்தத் தோட்டத்தில், வெட்டிய கிளைகளையும் மரக்கழிவையும் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சும் வெப்பம் கண்ணாடிக் கூடங்களின் ஈரப்பதத்தை உறிஞ்சும் திரவத்தை மீண்டும் உலர்த்தப் பயன்படுகிறது, மின்சாரத்துக்குப் பதில் வெப்பத்தால் குளிர்ச்சி தரும் உறிஞ்சு சில்லரையும் ஓட்டுகிறது. வெப்பமண்டலத்தில் வெப்பத்துக்கு வேலை கொடுக்க ஒரு வழி அது. ஆனால் அதை அப்படியே நகலெடுக்க அவசரப்பட வேண்டாம். காரணம் படி 4-ல் வரும்.

படி 1: வாங்குபவரைத் தேடுங்கள்

வரைபடத்தை எடுத்து உங்கள் கட்டடத்தைச் சுற்றி 200 மீட்டர் வட்டம் போடுங்கள். அதற்குள் 60 டிகிரி வெந்நீர் தினமும் ஆயிரக்கணக்கான லிட்டர் செலவழிப்பவர் யார்? பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும்: தொழிற்முறை லாண்டரி, மத்திய சமையற்கூடம், உணவுத் தொழிற்சாலை, மருத்துவமனை, தாதிமை இல்லம், ஓட்டல்.

பலர் முதலில் ஓட்டலைத்தான் நினைப்பார்கள். ஓட்டலுக்குச் சொந்தச் சில்லர் இருந்தால் அதற்குப் பக்கத்துக் கட்டடத்தின் வெப்பம் எதற்கு? அதன் சில்லரே தன் வெந்நீர்த் தேவையைப்போலப் பல மடங்கு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. பிளான்ட் ரூமிலேயே ஒரு ஹீட் பம்ப் வைத்தால் முடிந்தது, தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. மருத்துவமனைக்கும் இதே கதைதான். உங்கள் கட்டடத்துக்கே வெந்நீர்த் தேவை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, மிச்சத்துக்குப் பக்கத்து வீட்டைப் பாருங்கள்.

அண்டை வெப்பம் உண்மையிலேயே தேவைப்படுவது சொந்தச் சில்லர் இல்லாத, ஆனால் வெந்நீர் நிறையக் குடிக்கும் இடங்களுக்கு. லாண்டரிக்காரர் ஆலையைக் குளிரூட்டுவதில்லை, பெரிய விசிறிகளோடு சரி. சமையற்கூடத்தில் நூற்றுக்கணக்கான அண்டாக்களையும் தட்டுகளையும் கழுவ வெந்நீர் வேண்டும், குளிர்பதன அறைகளோ அளவில் சிறியவை. செனோக்கோ, உட்லண்ட்ஸ், பிடோக் பக்கம் உணவுத் தொழிற்கூடங்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்பதனக் கிடங்கும் வெந்நீர் கேட்கும் கூடமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இடங்கள் அங்கேதான் கிடைக்கும்.

வாங்குபவரிடம் முதலிலேயே ஒன்று கேளுங்கள்: உங்களுக்கு வேண்டியது வெந்நீரா, நீராவியா? இஸ்திரி உருளைகளுக்கு 150 டிகிரிக்கு மேல் நீராவி வேண்டும். அதை நம்மால் கொடுக்க முடியாது. ஆனால் பாய்லருக்குள் போகும் 28 டிகிரி நீரை 60 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிக் கொடுக்கலாம், எரிவாயு அந்த அளவுக்கு மிச்சமாகும்.

படி 2: தேவையை அளங்கள், யூகிக்காதீர்கள்

பெயர்ப்பலகையில் பாய்லரின் திறன் 500 கிலோவாட் என்று எழுதியிருக்கும். அதை வைத்துத் திட்டம் போட்டால் மூன்று மடங்கு பெரிய இயந்திரத்தை வாங்கி மூலையில் நிறுத்துவீர்கள். வெந்நீர்த் தொட்டிக்குள் போகும் குளிர்நீர்க் குழாயில் ஒரு நீர்மானி வையுங்கள். இரண்டு வாரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு. வெளியே போகும் வெப்பநிலை, சுற்றித் திரும்பும் நீரின் வெப்பநிலை இரண்டையும் சேர்த்துப் பதியுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு வாரங்களைத் தவிருங்கள். சமையற்கூடத்துக்கு அந்த வாரங்கள் எந்தக் கணக்கிலும் அடங்காது.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 கிலோஜூல். கணக்குக்காக ஒரு லாண்டரியும் ஒட்டியுள்ள சமையற்கூடமும் சேர்ந்து நாளைக்கு 45,000 லிட்டர் 60 டிகிரி நீர் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். குழாய்த்தண்ணீர் 28 டிகிரியில் வருகிறது, 32 டிகிரி உயர்த்த வேண்டும். 45,000 × 4.19 × 32 ÷ 3,600 என்றால் ஏறத்தாழ 1,675 யூனிட் (கிலோவாட்-மணி). 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 70 கிலோவாட். ஹீட் பம்ப் 16 மணி நேரம் ஓடினால் போதும் என்றால் 105 கிலோவாட் திறன்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 500 ஆர்டி சுமையில் நாள் முழுதும் ஓடும் ஒரு தரவு மையம். ஒரு ஆர்டி (குளிரூட்டல் டன்) என்பது 3.517 கிலோவாட் குளிர்ச்சி. சில்லர் ஒரு ஆர்டிக்கு 0.6 கிலோவாட் மின்சாரம் எடுத்தால், கண்டென்சர் (சில்லர் தன் வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதி) பக்கம் 4.1 கிலோவாட் வெப்பம் வெளியேறும். மொத்தம் 2,050 கிலோவாட். வாங்குபவரின் சராசரித் தேவை அதில் 3.5 விழுக்காடுகூட இல்லை. "நம் கழிவு வெப்பம் முழுவதையும் விற்றுவிடலாம்" என்று யாராவது மேலாளர் கூட்டத்தில் பேசினால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

ஜெர்மனி 2023-ல் இயற்றிய சட்டம், 2026 ஜூலை முதல் இயங்கத் தொடங்கும் பெரிய தரவு மையங்கள் குறைந்தது 10 விழுக்காடு ஆற்றலை மறுபயன்பாட்டுக்குத் தர வேண்டும் என்கிறது. அதே விதியை இங்கே வைத்தால் வாங்க ஆளைத் தேடியே தாவு தீர்ந்துவிடும். நம் அரசு வேறு பாதையில் போவது சரியென்றே எனக்குப் படுகிறது. தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023-ல் கொண்டுவந்த வெப்பமண்டலத் தரவு மையத் தரநிலை, சர்வர் அறைகளை 26 டிகிரிக்கு மேல் ஓட்டச் சொல்கிறது. வெப்பத்தை வாங்க ஆளில்லாத ஊரில் அதை அகற்றும் செலவைக் குறைப்பதுதான் முதல் வேலை.

படி 3: மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கழிவு வெப்பமும் சமமல்ல. வெப்பநிலை, நேரம், அருகாமை என்று பார்த்தால் என் வரிசை இது.

முதலிடம் காற்று அமுக்கிகளுக்கு. திருகு வகை ஏர் கம்ப்ரசர் எடுக்கும் மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் அதன் எண்ணெயில் வெப்பமாகச் சேர்கிறது, அந்த எண்ணெய் 75 முதல் 90 டிகிரியில் இருக்கும். ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரு திரவங்களைக் கலக்காமல் வெப்பத்தை மட்டும் தட்டுகள் வழியே மாற்றும் கருவி) வைத்தால் 60 டிகிரி நீர் நேராகக் கிடைக்கும், ஹீட் பம்ப் வேண்டாம். 75 கிலோவாட் கம்ப்ரசர் முழுச் சுமையில் ஓடினால் 55 கிலோவாட் எடுக்கலாம். தொழிற்பேட்டையில் இதைக் காற்றில் விடாத ஆலை அபூர்வம்.

அடுத்தது குளிர்பதனக் கிடங்கு. கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான வாயுவில் ஒரு டீசூப்பர்ஹீட்டர் (அந்த வாயுவின் கூடுதல் சூட்டை நீருக்கு மாற்றும் கருவி) போட்டால், வெளியேறும் மொத்த வெப்பத்தில் 10 முதல் 15 விழுக்காட்டை 50 டிகிரிக்கு மேல் எடுக்கலாம். அளவு குறைவு, ஆனால் இரவு பகல் என்று நிற்காது.

மூன்றாவது தரவு மையம். 24 மணி நேரச் சுமை, நிலையான வெப்பம். சர்வர் சில்லுகள் மேலேயே நீர் ஓடும் திரவக் குளிரூட்டல் வந்தால் திரும்பும் நீர் 45 டிகிரியைத் தொடும், அப்போது இதன் இடம் உயரும்.

கடைத்தொகுதியும் அலுவலகமும் கடைசி. இரவு பத்துக்குமேல் சில்லர் படுத்துவிடும். சமையற்கூடம் அதிகாலை மூன்று மணிக்கு அரிசி கழுவத் தொடங்கும்போது உங்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது.

செம்பவாங் வெந்நீரூற்றைப் பற்றியும் கேட்பார்கள். முட்டை அவிக்க அருமையான இடம். இந்த வழிகாட்டிக்குள் அது வராது.

படி 4: எங்கே தட்டுவது, எப்படி உயர்த்துவது

சில்லரின் கண்டென்சர் நீர் 32 முதல் 35 டிகிரியில் வெளியேறும். லாண்டரிக்கு 60 வேண்டும். இடையில் ஹீட் பம்ப். எல்லோரும் கூலிங் டவருக்குப் போகும் குழாயில்தான் கை வைக்க நினைப்பார்கள். கணக்குப்படி நல்ல யோசனை, 35-லிருந்து 60-க்கு ஏற்ற சிஓபி (ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பம் கிடைக்கிறது என்ற விகிதம்) 4 அல்லது சற்று மேல் கிடைக்கும். ஆனால் அந்த நீர் காற்றோடு திறந்தே கலக்கும் நீர். தூசி, பாசி, சுண்ணாம்பு எல்லாம் உண்டு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் தட்டுகள் அடைத்துக்கொள்ளும், சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்காகத் தொடர்ந்து சோதிக்கப்படும் நீர் அது. அதை ஒருபோதும் கட்டட எல்லைக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள்.

நான் விரும்புவது குளிர்நீரின் திரும்பு குழாய். சில்லருக்குத் திரும்பி வரும் நீரிலிருந்து பக்கவாட்டில் கொஞ்சம் எடுத்து, ஹீட் பம்பில் குளிர வைத்து, அதே குழாயில் சற்றுத் தள்ளிச் சேர்ப்பது. மூடிய சுற்று, சுத்தமான நீர். வெப்பநிலை இடைவெளி பெரியதாவதால் சிஓபி 3 பக்கம்தான் வரும். ஆனால் ஹீட் பம்ப் கொடுக்கும் ஒவ்வொரு 3 பங்கு வெப்பத்தோடும் 2 பங்கு குளிர்ச்சி இலவசமாக வருகிறது, அந்த அளவுக்குச் சில்லரின் வேலை குறைகிறது. அந்த மிச்சத்தையும் சேர்த்தால் கண்டென்சர் பக்கம் எடுப்பதற்கு இது சளைத்ததல்ல. தரவு மையங்கள் இப்போது குளிர்நீரை 16, 18 டிகிரியில் ஓட்டுவதால் அங்கே இது தெளிவாக முந்தும்.

தரவு மையத்துக்காரர் குளிர்நீர்க் குழாயைத் தொட விடமாட்டார் என்பீர்கள். உண்மைதான், பாதி வேலை அவரைச் சம்மதிக்க வைப்பதில் போகும். திரும்பு குழாயில் பக்கவாட்டு இணைப்பு, நடுவில் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், தனி பம்ப், இரு புறமும் அடைப்பு வால்வு என்று வரைந்து காட்டுங்கள். உங்கள் இயந்திரம் நின்றுபோனால் அவருடைய நீர் வழக்கம்போல நேராகச் சில்லருக்குப் போகும். அந்த ஒரு வரைபடம் பத்துப் பக்க அறிக்கைக்கு மேல் பேசும்.

உறிஞ்சு சில்லர் பற்றி: கழிவு வெப்பத்தால் குளிர்ச்சி எடுக்கலாம் என்று விற்பனையாளர்கள் வருவார்கள். ஒற்றை நிலை லித்தியம் புரோமைடு இயந்திரத்துக்கு 85 டிகிரிக்கு மேல் நீர் வேண்டும். ஒரு யூனிட் வெப்பம் கொடுத்தால் 0.7 யூனிட் குளிர்ச்சி. அதே குளிர்ச்சிக்கு நல்ல மின் சில்லர் 0.12 யூனிட் மின்சாரம்தான் எடுக்கும். அதாவது உங்கள் ஒரு யூனிட் வெப்பத்தின் மதிப்பு 0.12 யூனிட் மின்சாரம். அதே வெப்பம் மின் ஹீட்டரின் இடத்தில் வெந்நீராகப் போனால் மதிப்பு முழுசாக ஒரு யூனிட், எட்டு மடங்கு வித்தியாசம். போதாததற்கு, உறிஞ்சு சில்லர் கூலிங் டவருக்குத் தள்ளும் வெப்பம் மின் சில்லரைப்போல இரு மடங்கு. கரையோரப் பூந்தோட்டங்களில் அது பொருந்துகிறது, ஏனெனில் அங்கே எரியும் அடுப்பு சொந்தமாக இருக்கிறது, ஈரம் நீக்கும் தேவையும் பெரிது. 35 டிகிரி நீரை வைத்துக்கொண்டு அந்தக் கனவு காண வேண்டாம்.

ஹீட் பம்ப் வாங்கும்போது குளிரூட்டி வாயுவையும் கேளுங்கள். கார்பன்-டை-ஆக்சைடு வகை குளிர்ந்த நீரை ஒரே மூச்சில் 65 டிகிரிக்கு மேல் ஏற்றுவதில் கெட்டிக்காரன். ஆனால் ஏற்கெனவே சூடாகத் திரும்பும் சுற்றுநீரைக் கொடுத்தால் திணறும். படி 2-ல் திரும்பும் வெப்பநிலையைப் பதியச் சொன்னது இதற்காகத்தான். அம்மோனியா திறமையானது, ஆனால் நச்சு. மக்கள் நடமாடும் கட்டடத்தின் அடித்தளத்தில் நான் வைக்க மாட்டேன்.

படி 5: குழாய்

105 கிலோவாட் வெப்பத்தை 10 டிகிரி வேறுபாட்டில் அனுப்ப நொடிக்கு 2.5 லிட்டர் நீர் ஓட வேண்டும், 50 மில்லிமீட்டர் குழாய் போதும். வேறுபாட்டை 30 டிகிரிக்கு உயர்த்த முடிந்தால் 0.84 லிட்டர்தான், குழாய் 32 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். வேறுபாட்டைப் பெரிதாக்குவதுதான் குழாய்ச் செலவைக் குறைக்கும் ஒரே வழி.

வெப்ப இழப்பில் நமக்கு ஊர் உதவுகிறது. டென்மார்க்கில் 80 டிகிரிக் குழாய் 8 டிகிரி மண்ணில் கிடக்கிறது. நம் 60 டிகிரிக் குழாயைச் சுற்றி 28 டிகிரி, அவர்களின் வேறுபாட்டில் பாதிகூட இல்லை. 30 மில்லிமீட்டர் காப்புறை போட்ட 50 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு 9 வாட் அளவில் இழக்கும். போகவும் வரவும் சேர்த்து 200 மீட்டர் என்றால் 1.8 கிலோவாட். நம் உதாரணத்தில் அன்றாட வெப்பத்தில் 3 விழுக்காட்டுக்குள்.

தூரம் அதிகம், அல்லது வெவ்வேறு வெப்பநிலை கேட்கும் பலர் இருந்தால், இன்னொரு வழி உண்டு: ஹீட் பம்பை வாங்குபவர் பக்கம் வைத்து, 30 டிகிரிச் சுத்த நீரை மட்டும் சுற்றவிடுவது. காப்புறையே தேவையில்லை. ஆனால் 5 டிகிரி வேறுபாட்டில்தான் ஓடும், குழாய் தடிக்கும்.

பொதுச் சாலையைக் கடக்காமல் முடிந்தால் கடக்காதீர்கள். கடந்தால் நிலப் போக்குவரத்து ஆணையம், வடிகால்களுக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம், அரசு நிலமாக இருந்தால் சிங்கப்பூர் நில ஆணையம், தோண்டுவதற்கு முன் உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவர் என்று வரிசை நீளும். அடித்தள இணைப்பு, ஒரே வேலிக்குள் இருக்கும் இரு கட்டடங்கள், பகிர்ந்த சுவர் ஆகியவைதான் முதல் திட்டத்துக்கு ஏற்ற இடங்கள். லண்டனில் பன்ஹில் திட்டம் நிலத்தடி ரயிலின் காற்றோட்டக் குழியிலிருந்து வெப்பம் எடுத்து 2020 முதல் இஸ்லிங்டன் வீடுகளுக்குக் கொடுக்கிறது. அங்கே ஏற்கெனவே வெந்நீர்க் குழாய்கள் தெருவில் இருந்தன, அதை மறந்துவிடக்கூடாது.

படி 6: தொட்டி, கிருமி, காப்பு

வெப்பம் வருவதும் நீர் செலவாவதும் ஒரே நேரத்தில் நடக்காது. உச்ச நேர இரண்டு மணி நேரத்தின் தேவையைத் தொட்டியில் வையுங்கள். நம் உதாரணத்தில் 8 முதல் 10 கன மீட்டர். பத்துக் கன மீட்டர் நீர் என்றால் பத்து டன், தளம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டுவிட்டுத் தொட்டியை வாங்குங்கள்.

சேமிப்பு 60 டிகிரி, சுற்றித் திரும்பும் நீர் 50-க்குக் குறையக் கூடாது. மின்சாரம் மிச்சம் என்று 48 டிகிரியில் வைப்பவர்கள் லெஜியோனெல்லாவுக்கு விடுதி கட்டுகிறார்கள். மற்றவரின் சுற்றுநீரும் குடிநீர்த் தரக் குழாயும் சந்திக்கும் இடத்தில் இரட்டைச் சுவர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் போடுங்கள். குடிநீர்ப் பக்க வேலையை உரிமம் பெற்ற பிளம்பரிடம் விடுங்கள்.

பழைய பாய்லரை விற்றுவிடாதீர்கள். அதுதான் உங்கள் காப்பு.

படி 7: பணம்

உதாரணத்துக்கு மின்சாரம் யூனிட் 25 காசு என்று கொள்வோம். மின் ஹீட்டரில் 1,675 யூனிட்டுக்கு நாளைக்கு 419 வெள்ளி. கண்டென்சர் பக்கம் எடுத்து சிஓபி 4 என்றால் ஹீட் பம்புக்கு அதே வேலைக்கு 419 யூனிட் மின்சாரம் போதும், அதாவது 105 வெள்ளி. மிச்சம் 314 வெள்ளி, ஆண்டுக்கு 114,000 வெள்ளிக்கு மேல். எரிவாயு பாய்லராக இருந்தால் 85 விழுக்காடு திறனில் 1,970 யூனிட் எரிவாயு போகும், உங்கள் ரசீதிலுள்ள விலையைப் போட்டுப் பாருங்கள்.

கூலிங் டவரில் ஒரு யூனிட் வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ 1.5 லிட்டர் நீர் ஆவியாகும். நாம் திருப்பிவிடும் 1,250 யூனிட்டுக்கு நாளைக்கு 1.9 கன மீட்டர் நீர் மிச்சம். நல்லதுதான், திட்டத்தை நியாயப்படுத்தப் போதாது.

கரிம வரி 2024-ல் டன்னுக்கு 25 வெள்ளியானது, 2026-ல் 45, 2030-க்குள் 50 முதல் 80 என்பது அறிவிப்பு. நேரடியாகச் செலுத்துவது ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் ஆலைகள்தான். நம்மைப் போன்றவர்களுக்கு மின் கட்டணத்தில் ஒளிந்து வரும். மின் ஹீட்டருக்குப் பதிலாக மேலே சொன்ன திட்டம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 458,000 யூனிட் மிச்சம், ஒரு யூனிட்டுக்கு 0.4 கிலோ என்று கணக்கிட்டால் 180 டன்னுக்கு மேல்.

ஹீட் பம்ப், தொட்டி, குழாய், மின் இணைப்பு, அளவைகள் எல்லாவற்றுக்கும் விலைப்புள்ளி வாங்கி ஆண்டு மிச்சத்தால் வகுங்கள். ஐந்து ஆண்டுக்குள் திரும்பாத திட்டத்தை நான் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டேன். இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர் அதைவிட நீண்ட காலம் அங்கே இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

படி 8: ஒப்பந்தம்

குழாயைவிட இதில்தான் திட்டங்கள் சாகும். கொடுப்பவருக்கு வெப்பம் குப்பை, வாங்குபவருக்கு அது உயிர்நாடி. கொடுப்பவர் ஒரு வாரம் சில்லரைச் சர்வீஸுக்கு நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் இல்லை, லாண்டரிக்காரருக்கு ஓட்டல் விரிப்புகள் மலையாகக் குவிந்துவிடும்.

அதனால் எழுத்தில் இவை வேண்டும்: எந்த வெப்பநிலையில், எந்த நேரத்தில் கொடுப்பது, நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன் அறிவிப்பு, காப்பு பாய்லரை யார் பராமரிப்பது, ஒரு தரப்பு இடத்தைக் காலி செய்தால் ஹீட் பம்ப் யாருடையது. விலையை வாங்குபவரின் இப்போதைய செலவோடு கட்டுங்கள், உதாரணமாக அவர் எரிவாயுவுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு. எரிவாயு விலை ஏறினாலும் இறங்கினாலும் இருவருக்கும் நியாயமாக இருக்கும். கொடுப்பவர் வெப்பத்தை இலவசமாகத் தந்தாலும் வியப்பில்லை, அவருக்குக் குளிர்ச்சியும் நீரும் மிச்சமாகிறதே.

இரு தரப்பின் எல்லையில், கைமாறும் வெப்பத்தை அளக்க ஒரு ஹீட் மீட்டர். மீயொலி ஓட்ட அளவையும், ஜோடியாகத் தரம்பார்த்த இரு வெப்பநிலை உணரிகளும் கொண்டது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் பசுமைக் கட்டடத் திட்டத்தில் சில்லர் நிலைய வெப்பச் சமநிலை, 80 விழுக்காடு அளவீடுகளில் 5 விழுக்காட்டுப் பிழைக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதே கண்டிப்பை இங்கேயும் வையுங்கள். 5 டிகிரி வேறுபாட்டில் கால் டிகிரிப் பிழை என்பது ரசீதில் 5 விழுக்காடு.

படி 9: ஓட்டம்

முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை பிஎம்எஸ் (கட்டட நிர்வாகக் கணினி) பதிவுகளைப் பாருங்கள். மூன்று எண்கள் போதும்: ஹீட் பம்ப் கொடுத்த வெப்பம், அது எடுத்த மின்சாரம், காப்பு ஹீட்டர் அல்லது பாய்லர் எடுத்த ஆற்றல். முதலிரண்டின் விகிதம் சரிந்துகொண்டே வந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைக்கிறது என்று அர்த்தம். வடிகட்டியைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஹீட் பம்பின் இலக்கு 60 டிகிரி, காப்பு ஹீட்டரின் தெர்மோஸ்டாட் 62-ல் இருந்தால், தொட்டியை எப்போதும் ஹீட்டரே சூடாக்கிவிடும். நீர் சூடாக இருக்கிறதே என்று ஹீட் பம்ப் அமைதியாக நிற்கும். லாண்டரியில் வெந்நீர் வரும், யாரும் புகார் செய்ய மாட்டார்கள், மின் ரசீது மட்டும் பழையபடியே வரும். ஒப்படைக்கும் நாளிலேயே காப்பு ஹீட்டரை 55-க்கு இறக்கி, அந்த எண்ணை அதன் மூடியில் ஒட்டிவிடுங்கள்.